கடற்கரை செட்டிங்

அறிக்கையின் நான்காம் பக்கத்தில், அட்டவணைக்கு மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. "நில வகை: கடற்கரை மணல்."

செங்கல்பட்டுக்கு மேற்கே, கல் குவாரியின் வேலியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், பாறையின் மேல் அஸ்திவாரம் போட்டுக் கட்டிய ஒரு வீட்டைப் பற்றிய அறிக்கை அது. அந்த வீட்டுக் கொல்லையில் கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும்.

தட்டச்சு செய்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். எங்கள் மேலாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குவாரி முதலாளியின் வக்கீல் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தியிருக்கிறார். ஒருவர் கண்ணிலும் மணல் உறுத்தவில்லை.

கோபத்தோடு எழுதக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். என் நாட்குறிப்பில் இடது பக்கம் அன்று நடந்தது மட்டும் இருக்கும். வலது பக்கம் அன்று நான் எப்படி இருந்தேன் என்பது: தலைவலி, தூக்கமின்மை, யார் மேல் எரிச்சல். பல வருடம் கழித்துப் படிக்கும்போது இடது பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்று வலது பக்கம் சொல்லும். இரண்டையும் கலந்து எழுதினால் எது நடந்தது, எது என் தலைவலி என்று பிரித்துப் பார்க்க முடியாது. அந்த அறிக்கை கைக்கு வந்த நாளில் இடது பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் எழுத முடிந்தது. வலது பக்கம் இடம் போதவில்லை.

நான் வேலை பார்த்தது நாவலூரில் ஒரு சிறிய நிறுவனம். கட்டிடங்கள், பாலங்கள், இயந்திரங்கள் எவ்வளவு அதிர்கின்றன என்று அளந்து சொல்வது எங்கள் தொழில். ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் டீ டம்ளர் அளவுக்கு ஒரு சென்சார். சென்சாரைத் தரையில் பதித்துவிட்டால், தரை ஆடுவதைப் பெட்டி எண்களாகப் பதிவு செய்துகொண்டே இருக்கும். வெறும் எண்கள். அவற்றைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. பெட்டி எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பதிவு செய்தது, எந்தச் சென்சார், எந்த நிலத்தில், என்ன மாதிரிக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் வைத்தது என்ற விவரங்கள் தெரிந்தால்தான் அந்த எண்களுக்கு அர்த்தம் வரும். இந்த விவரங்களைத்தான் நாங்கள் செட்டிங் என்போம்.

வீட்டில் அரிசி அளந்து "ஐந்து" என்று எழுதி வைத்தால் போதுமா? படியால் ஐந்தா, ஆழாக்கால் ஐந்தா? ஐந்து என்பது டேட்டா. எதனால் அளந்தோம் என்பது செட்டிங்.

நான் அங்கே சேர்ந்த காலத்தில் இரண்டையும் பெட்டிக்குள்ளேயே கலந்துவிடுவார்கள். பெட்டியே பெருக்கி வகுத்து முடிவை மட்டும் வைத்துக்கொள்ளும், மூல எண்களைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு பாலத்து வேலையில் செட்டிங் தப்பாகப் போய், எடுத்த பதிவு முழுவதும் வீணானது. உப்பைக் குழம்பில் கொட்டிவிட்ட பிறகு எப்படிப் பிரித்து எடுப்பது? இலை ஓரத்தில் தனியாக வையுங்கள், வேண்டுகிறவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மூல எண்கள் ஓர் இடத்தில், ஒருவரும் தொடக் கூடாது. செட்டிங் வேறொரு ஃபைலில், வேலை நடந்த ஊரின் பெயரோடு. தப்பு நேர்ந்தால் செட்டிங்கை மட்டும் திருத்திக்கொண்டு மறுபடி கணக்குப் போடலாம். மூலம் அப்படியே இருக்கும். அதற்காக நான் போட்ட சண்டைகளில் பாதி அலுவலகத்துக்கே மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

குவாரி வேலை வந்தது இப்படி. குவாரியின் குழி அதன் எல்லைவரை வந்துவிட்டது. முதலாளி பக்கத்து நிலத்தையும் வாங்கி, குழியை அந்த வீட்டுப் பக்கமாக நீட்ட அனுமதி கேட்டிருந்தார். வீட்டுக்காரப் பெண் செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். இப்போதே வேட்டு வைக்கும்போது சுவர் விரிசல் விடுகிறது, இன்னும் கிட்டே வந்தால் வீடு நிற்காது என்று. விசாரணை அதிகாரி, வீட்டின் அருகே அதிர்வை அளந்து அறிக்கை கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அளக்க எங்களைக் கூப்பிட்டது குவாரி. அதிர்வு அரசு வைத்த வரம்புக்குள் இருந்தால் குழி நீளும், வரம்பைத் தாண்டினால் நீளாது. அந்தப் பெண்ணின் வீடு எங்கள் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

தர சோதனை என் பொறுப்பு என்பதால் சென்சார் பதிக்கிற நாளில் நானும் போனேன். என்னோடு வந்தவர் எங்கள் களப்பணியாளர். நாற்பதைத் தாண்டியவர், ஊரப்பாக்கத்தில் என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர், பெட்டியைக் கையாள்வதில் நிதானமானவர். அதற்கு முந்தின வாரம் அதே பெட்டி மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் இருந்தது. புதிதாகக் கட்டிய பகுதியை அலை ஆட்டுகிறதா என்று விடுதிக்காரருக்குச் சந்தேகம். அலையின் அதிர்வு மிக மெல்லியது. அதனால் அங்கே பத்து மடங்கு பெரிதாக்கிப் பதிவு செய்தார்கள். பெட்டியைத் திறந்தபோது அதன் மூலைகளில் மணல் இருந்தது.

"மாமல்லபுரத்து மண்ணு செங்கல்பட்டு வரைக்கும் நம்ம கூடவே வந்துகினு கீது மேடம்" என்று கைக்குட்டையால் துடைத்தார். துடைத்துவிட்டு, பெருக்கத்தைப் பத்திலிருந்து ஒன்றுக்கு மாற்றினார். "வேட்டு இங்கதான் பக்கத்துல. ஒண்ணே ஜாஸ்தி." நான் திரையைப் பார்த்து உறுதி செய்தேன். நில வகை பாறை, கட்டிடம் குடியிருப்பு என்று போட்டார். அந்த ஊர்ப் பெயரில் செட்டிங் ஃபைல் சேமித்தார். எல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

வீட்டுக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர், அன்றைக்குச் சவாரி போயிருந்தார். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் பெட்டியைச் சுற்றி வந்தார்.

"இன்னாக்கா, இந்த டப்பாவா எங்க வூட்ட காப்பாத்தப் போவுது?"

"காப்பாத்தாதும்மா. எவ்வளவு ஆடுதுன்னு சொல்லும். அவ்வளவுதான்."

"ஆடுதுன்னு நான்தான் எப்பலேர்ந்தோ சொல்லிகினு கீறேனே! என்னியவே எழுதிகினு போயிருக்கலாம்."

"உன்னிய கம்ப்யூட்டர்ல சொருவ முடியாதேக்கா" என்றார் களப்பணியாளர்.

"சொருவித்தான் பாரேன். உன் கம்ப்யூட்டரு வெடிச்சிடும்."

உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். சமையலறை மூலையில் தொடங்கிய விரிசல் மேலே ஜன்னலை நோக்கி ஏறியிருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரிசையில் ஒட்டியிருந்தன. விரிசல் நீளும்போதெல்லாம் அதன் நுனியில் ஒரு பொட்டு ஒட்டிவிடுகிறாராம்.

"அட்டை அட்டையா வாங்கி ஒட்டிகினு கீறேன். எனக்கு வெக்கறத வுட இந்தச் செவுத்துக்கு வெச்சதுதான் ஜாஸ்தி. இன்னும் ரெண்டு வேட்டு வெச்சாங்கன்னா வளைகாப்பே பண்ணிடலாம்."

மதியம், வேட்டு வைக்கப் போவதாக எச்சரிக்கிற குவாரிச் சங்கு ஊதியது. அவர் பேச்சை நிறுத்தாமலே எழுந்து, அலமாரியிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். அவசரமே இல்லை. தினமும் செய்கிற வேலை என்று கைகள் சொல்லின. வேட்டு வெடித்தது. சத்தத்துக்கு முன்னால் தரை உதைத்தது என் உள்ளங்காலில் தெரிந்தது. தரையில் இருந்த எவர்சில்வர் குண்டானுக்குள் கரண்டி தானாகக் கிணுகிணுத்தது. அவர் மறுபடி பாத்திரங்களை எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினார்.

இதை அன்றைக்கு இடது பக்கத்தில் எழுதினேன். வலது பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. உடம்பு நன்றாக இருந்தது, மனதும் நிதானமாக இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அளவில் பிழை வர அன்றைக்கு ஒரு காரணமும் இல்லை.

பெட்டி சில நாள் அங்கேயே இருந்தது. பிறகு பதிவை எடுத்து வந்தார்கள். அடுத்து நான் பார்த்தது அறிக்கையை. "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது. அதில் எல்லா வேட்டுகளும் வரம்புக்கு வெகு கீழே இருந்தன. அவ்வளவு சிறிய அதிர்வுக்குக் கரண்டி அசையாது. நான் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். நான்காம் பக்கத்தில் மணல் வந்தது.

மணலைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கணக்குப் போட்டவர்கள் அந்த ஊர்ப் பெயரில் இருந்த செட்டிங்கை எடுக்காமல், மாமல்லபுரத்து விடுதியின் செட்டிங்கை எடுத்திருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கிய பதிவு என்று நினைத்து, எல்லா எண்களையும் பத்தால் வகுத்திருக்கிறது கணினி. அந்தக் குவாரியின் வேட்டு அலையின் மெல்லிய அதிர்வாகச் சுருங்கிப்போனது. நான் சரியான ஃபைலை வைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். வேட்டுகள் வரம்பைத் தாண்டின. ஒன்றிரண்டு இல்லை, பெரும்பாலானவை.

பிழை என்றுதான் அப்போது நினைத்தேன். மனிதர்கள் பிழை செய்வார்கள், அதற்குத்தான் நான் இருக்கிறேன். மேலாளர் அறைக்குப் போய், அறிக்கையை நிறுத்துங்கள், தப்பான செட்டிங் விழுந்திருக்கிறது என்றேன்.

அவர் என்னைவிட இளையவர். கோபப்படவே மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"உட்காருங்க மேடம். டென்ஷன் ஆகாதீங்க. டேட்டாவை யாராவது தொட்டாங்களா? ஒரு நம்பர்கூட மாறலை. நீங்களே செக் பண்ணிக்கலாம்."

"டேட்டா மாறலை சார். செட்டிங் மாறியிருக்கு."

"செட்டிங்ஸ மாத்திக்கலாம்னுதானே தனியா வெச்சிருக்கோம்? உங்க ஐடியாதானே அது?"

திருத்துவதற்காகத் தனியாக வைத்ததை, வேண்டியபடி மாற்றிக்கொள்வதற்காக வைத்தது என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார். அதுவும் என் பெயரைச் சொல்லி. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நான் போய்ச் சொன்னது அவருக்குப் புதுச் செய்தி இல்லை.

"உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா?"

"கிளையன்ட் டிராஃப்ட்டைப் பார்த்துட்டாங்க மேடம். ரொம்ப ஹேப்பி. இப்பப் போய் நம்பர் பத்து மடங்குன்னு சொன்னா நம்ம மேலதான் சந்தேகம் வரும்." அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, நான் கோடு போட்டிருந்த வரியைப் பார்த்தார். "மணல்னு இருக்கறதுதான் உங்க பிரச்சினைன்னா, அதைப் பாறைன்னு மாத்திடச் சொல்றேன். ரெண்டு நிமிஷ வேலை."

"மணலை மாத்திட்டு நம்பரை அப்படியே விடறதா?"

"நம்பர் சாஃப்ட்வேர் குடுத்தது மேடம். நாம கையால எழுதலையே."

நான் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று மாலைக்குள் "சரிபார்த்தவர்" இடத்தில் வேறொருவர் கையெழுத்து வந்துவிட்டது. அந்த வரியை மாற்றக்கூட ஒருவரும் மெனக்கெடவில்லை. மணலோடேயே அறிக்கை செங்கல்பட்டுக்குப் போனது. இத்தனை வருடத்தில் எனக்கு வந்த கோபங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. பொய் சொல்வதற்கும் ஓர் உழைப்பு வேண்டும் இல்லையா? அந்த உழைப்பைக்கூட அந்தப் பெண்ணின் வீட்டுக்காக அவர்கள் செலவழிக்கவில்லை.

களப்பணியாளரை அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் பிடித்தேன்.

"நான் ஒண்ணுலதான் வெச்சேன் மேடம். நீங்க பக்கத்துலயேதான நின்னுகினு இருந்தீங்க."

"அதை எழுதிக் குடுப்பீங்களா?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது. "எனக்கு எதுக்கு மேடம் அந்தப் பேஜாரு? வூட்டுல நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஊர்ப் பேருல ஃபைலு கீதா பாத்துக்குங்க. அதக் காப்பி எடுத்து வெச்சிக்குங்க." ஃபைல் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரமே வீட்டுக்காரப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. மனுதாரர் என்ற முறையில் அவருக்கு அறிக்கையின் நகல் கொடுத்திருந்தார்கள். அவருக்கு அதைப் படித்துப் புரிந்துகொள்ள வழியில்லை. கடைசிப் பக்கத்தில் "வரம்புக்குள் உள்ளது" என்பது மட்டும் புரிந்தது.

"இன்னாக்கா, எங்க வூடு ஆடவே இல்லையாமே?"

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? எல்லாம் செட்டிங்குன்றாங்க. டப்பா வந்ததே செட்டிங்கு, அந்தப் பொம்பள வந்ததும் செட்டிங்குன்றாங்க. உண்மையாக்கா?"

நம் ஊர்ப் பேச்சில் செட்டிங் என்றால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு நடத்துகிற நாடகம். சீட்டாட்டத்திலும் செட்டிங் இருக்கும், தேர்தலிலும் இருக்கும், கல்யாணப் பேச்சிலும் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் செட்டிங் என்றால் பெருக்கம் ஒன்றா பத்தா என்பது. இத்தனை காலமாக இந்த இரண்டும் வேறு வேறு சொற்கள் என்றே நினைத்திருந்தேன். நாவலூரில் ஒரு பொருள், நாட்டுப்புறத்தில் ஒரு பொருள். அந்தப் பெண் தெரியாமல்தான் கேட்டார். ஆனால் அதைவிடத் துல்லியமாக ஒருவரும் கேட்டிருக்க முடியாது. ஆமாம், எல்லாம் செட்டிங்தான். கடற்கரை செட்டிங்.

"நீயும் அதுல கீறியாக்கா?"

"இல்லம்மா."

"அப்ப அத வந்து சொல்லு. போன்ல சொன்னா எங்க செவுத்துக்குக் கேக்காது."

போனை வைத்துவிட்டார்.

விசாரணைக்கு நான் வருகிறேன் என்று மேலாளருக்கு அலுவலக மின்னஞ்சலிலேயே எழுதினேன். ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் என் மேசைக்கு வந்து, வழக்கமான அதே மென்மையோடு, "கிளையன்ட் டேட்டாவை வெளிய பேசறது ரூல்ஸ்ல இல்லை மேடம். போனீங்கன்னா திரும்ப இங்க வரது கஷ்டம்" என்றார். வாடிக்கையாளரின் எண்களைக் காப்பாற்ற விதி இருக்கிறது. அந்த எண்கள் எந்த வீட்டுச் சுவரிலிருந்து வந்தனவோ அந்த வீட்டுக்காரருக்கு ஒரு விதியும் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

விசாரணை அன்று ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கினேன். வெயில் அப்போதே கொளுத்தியது. விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தார். எதிர்ப் பெஞ்சில் எங்கள் மேலாளர், மடியில் மடிக்கணினியோடு. பக்கத்தில் குவாரி முதலாளியின் வக்கீல்.

உள்ளே போனதும் அதிகாரி அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தார். எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். நான் எழுந்து, யார் என்று சொல்லிவிட்டு, "நான்காம் பக்கம் மேலே இருக்கற வரியைப் படிக்கணும் சார்" என்றேன். அவர் புரட்டி, சத்தமாகப் படித்தார்.

"நில வகை, கடற்கரை மணல்." நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கடற்கரை?"

"ஐயா, அப்ப எங்க வூட்டாண்ட அலை அடிக்கணுமே!" என்றார் அந்தப் பெண். "நான் இன்னாத்துக்கு கரண்டி கழுவிகினு கீறேன், வலை போட்டு மீன் புடிச்சிகினு இருக்க மாட்டேன்?"

அறையில் சிரிப்பு எழுந்தது. வக்கீலும் சிரித்தார், நன்றாகவே சிரித்தார். "தட்டச்சுப் பிழை சார். திருத்திக் கொடுத்துவிடுகிறோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்போடு சிரிப்பாக ஒரு சொல்லைத் திருத்திவிட்டு எழுந்து போய்விடுவார்கள், எண் அப்படியே நின்றுவிடும் என்று பயந்தேன். "சொல் மட்டும் தப்பில்லை சார். எண்ணும் தப்பு. வேறொரு ஊர்ல வெச்ச அளவுகோலை எடுத்து இந்த வீட்டை அளந்திருக்காங்க" என்றேன்.

"இல்லைங்க சார்" என்று எங்கள் மேலாளர் எழுந்தார். "மூலப் பதிவு அப்படியே இருக்கு. நாங்க ஒரு நம்பரைக்கூடத் தொடலை. எப்ப வேணும்னாலும் காட்டறோம்."

அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. சென்சாரைப் பதித்ததும், பதிவைத் தொடங்கும் முன், பெட்டி தனக்குத் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொள்ளும். அந்தத் தட்டு எப்போதும் ஒரே அளவு. எந்த ஊராக இருந்தாலும், எந்த நிலமாக இருந்தாலும் அது மாறாது. மூலப் பதிவின் தொடக்கத்தில் அது இருக்கும்.

"சார், தராசு சரியா இருக்கான்னு பார்க்க ஒரு கிலோ படிக்கல்லை வெச்சுப் பார்ப்போம் இல்லையா? அந்த மாதிரி ஒரு படிக்கல் இந்தப் பதிவுலயே முதல்ல இருக்கு. அறிக்கைல போட்ட கணக்கை அந்தப் படிக்கல்லுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு கிலோ காட்டினா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். "எப்ப வேணும்னாலும் காட்டறேன்னு சொன்னீங்களே. இப்பவே காட்டுங்க."

மேலாளர் மடிக்கணினியைத் திறந்தார். திறக்காமல் இருக்க அவருக்கு வழியில்லை. ஒரு நம்பரையும் தொடவில்லை என்று சொன்னவர் அவர்தான். கணக்கு ஓடியது. அதிகாரி தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து திரையைப் பார்த்தார். ஒரு கிலோ படிக்கல் நூறு கிராம் காட்டியது. பிறகு வீடு இருக்கிற ஊரின் பெயரில் இருந்த செட்டிங்கைப் போடச் சொன்னேன். ஒரு கிலோ காட்டியது. பிறகு வேட்டுகளைப் போடச் சொன்னேன். அவை வரம்பைத் தாண்டின.

யாரும் சிரிக்கவில்லை.

"ஆடுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.

"ஆடுதும்மா" என்றார் அதிகாரி.

அந்தப் பெண்ணின் கணவர், அதுவரை வாயே திறக்காதவர், "தெரிஞ்சதுதான" என்று மட்டும் சொன்னார்.

வேறொரு நிறுவனத்தை வைத்து மறுபடி அளக்க வேண்டும், அதுவரை அந்த வீட்டுப் பக்கமாக வேட்டு வைக்கக் கூடாது, குழியும் நீளக் கூடாது என்று அன்றே உத்தரவானது. அறையை விட்டு வெளியே வரும்போது வக்கீல் எங்கள் மேலாளரிடம் ஏதோ சீறிக்கொண்டிருந்தார். மேலாளர் அப்போதும் மென்மையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாக்கா, ஜூஸு குடிக்கலாம்" என்றார். குடித்தோம். "அந்த மணல எழுதாம இருந்திருந்தாங்கன்னா நீ கண்டுபுடிச்சிருப்பியா?" என்று கேட்டார். கண்டுபிடித்திருப்பேன் என்றுதான் சொன்னேன். கரண்டி கிணுகிணுத்ததைக் கேட்டேனே. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்றுவரை எனக்குள் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கவனமாகப் பொய் சொல்லியிருந்தால்?

நான் திரும்ப அலுவலகத்துக்குப் போனபோது ஒரு சுற்றறிக்கை தயாராக இருந்தது. மன்னிப்பு இல்லை, விளக்கமும் இல்லை. "குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக" இனிமேல் செட்டிங்கையும் மூலப் பதிவையும் தனித்தனியாக வைக்க வேண்டியதில்லை, பெட்டியே கணக்குப் போட்டு முடிவை மட்டும் சேமிக்கும், மூல எண்கள் தானாக அழிந்துவிடும் என்று எழுதியிருந்தது. அதாவது, இனி எந்த அறையிலும் எந்த அதிகாரியும் "இப்பவே காட்டுங்க" என்று சொன்னால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. திருடன் வந்த கதவைப் பூட்டவில்லை இவர்கள். திருட்டைக் காட்டிக்கொடுத்த விளக்கை அணைத்துவிட்டார்கள். படித்தேன் என்பதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்த நிறுவனத்தில் நான் போட மறுத்த இரண்டாவது கையெழுத்து அது. அதன் பிறகு மறுக்க அங்கே நான் இல்லை.

இப்போது படூரில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். முதல் வகுப்பிலேயே மூலப் பதிவையும் செட்டிங்கையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். பிரித்து வைத்தால் மட்டும் போதாது, பிரித்து வைத்ததை யார் சேர்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். அது எனக்கு முன்பு தெரியாது.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தார்.

"ஏனத்தையெல்லாம் அலமாரிலயே வுட்டுட்டேன்க்கா. எறக்கறதே இல்ல. சங்கு ஊதுனா மட்டும் கை தானா போவுது."

"பொட்டு?"

"புதுசா வெக்கல. பழசே உதிர்ந்துகினு கீது."

மறு அளவீடு இன்னும் நடக்கவில்லை. வரும் என்கிறார்கள். அதுவரை வீட்டுப் பக்கமாக வேட்டு இல்லை, வீடு நிற்கிறது. ஆனால் பழைய அறிக்கையை இன்னும் ஒருவரும் திரும்பப் பெறவில்லை. அது கோப்பில் கையெழுத்துகளோடும் முத்திரைகளோடும் இருக்கிறது. "கூடுதல் விவரங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன" என்று ஒரு சீட்டு மட்டும் அதன்மேல் குத்தியிருக்கிறதாம். நகல் ஒன்று என்னிடமும் இருக்கிறது. நான்காம் பக்கத்தைத் திறந்தால் கடப்பாரைக்குப் பொறி பறக்கிற அந்த வீடு இன்றைக்கும் கடற்கரை மணலில்தான் நிற்கிறது, கொஞ்சம்கூட ஆடாமல்.